பிணம் சொன்ன வாடகை

ஆறாம் நம்பர் அறையில் கணபதி செத்துக் கிடந்தான்.

மல்லாந்து கிடந்தான். வாய் திறந்திருந்தது. சட்டையின் நெஞ்சுப் பக்கம் முழுக்கச் சிவப்பு. பக்கத்தில் ஒரு கவ்வாத்துக் கத்தி... தேயிலைச் செடியைத் தறிக்கிற வளைந்த கத்தி... அதன் முனையிலும் சிவப்பு.

ஜன்னல் வழியாகப் பார்த்த மொஹிதீனுக்கு நியாயமாக வந்திருக்க வேண்டிய எண்ணம், 'ஐயோ பாவம்.'

வந்த எண்ணம், 'இன்னைக்குத்தானா?'

மனிதரைக் குறை சொல்ல வேண்டாம். அவர் நிலைமை அப்படி.

பதுளைக் கடைவீதியில் எட்டு அறைகள் உள்ள ஒரு வரிசை. முதல் அறையில் மொஹிதீனின் ஜவுளிக்கடை. பதினோரு வருஷமாக அங்கே வாடகைக்கு இருக்கிறார். வரிசையின் சொந்தக்காரர் தர்மலிங்கம், திருநெல்வேலிக்காரர். மாதத்தில் ஒரே ஒரு நாள் சிரிப்பார். அன்றைக்கு ஒன்றாம் தேதியாக இருக்கும்.

1924. பதுளைக்கு ரயில் வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ரயில் வந்தால் ஆள் வருவான், ஆள் வந்தால் அறை கேட்பான் என்று மொஹிதீன் மனக்கோட்டை கட்டினார். தர்மலிங்கம் ஊரோடு போய்விடத் தீர்மானித்து வரிசையை விலை சொன்னார். பத்தாயிரம். மொஹிதீன் இரண்டாயிரம் முன்பணம் கொடுத்தார். மிச்சம் எட்டாயிரத்துக்கு பேங்கில் மனுப் போட்டார். குடியிருப்பவர்கள் தரும் வாடகையை அப்படியே பேங்குக்குக் கட்டிக்கொண்டு வந்தால் ஒருநாள் வரிசை சொந்தம். கையில் காசில்லாமல் முதலாளி ஆகிற வழி. அவரே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்.

இன்று சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு பேங்க் ஆள் வரப்போகிறார். எட்டு அறையிலும் ஆள் இருக்கிறதா, வாடகை எவ்வளவு என்று பார்ப்பார். சரியாக இருந்தால் பன்னிரண்டு மணிக்குள் பேங்க் துரை கையெழுத்துப் போடுவார். பன்னிரண்டு தாண்டினால் ஒப்பந்தம் முறிந்தது, முன்பணம் தர்மலிங்கத்துக்கு.

அந்த இரண்டாயிரம் எங்கிருந்து வந்தது என்று மொஹிதீன் யாரிடமும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

மனைவி ஸைனபின் நகை. அலுமாரியிலிருந்து எடுத்து அடகு வைத்த பணம். ஸைனபுக்குத் தெரியாது.

கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் போச்சு. நகை போச்சு. ஸைனப் அலுமாரியைத் திறக்கிற நாளில் மொஹிதீனும் போச்சு.

இப்போது மணி ஏழு. ஆறாம் அறையில் ஒரு பிணம்.

"நானா... அங்க என்ன பார்க்கிறீங்க?"

ஐந்தாம் அறைத் தையல்காரர் ஹுமைத், பல் துலக்கிக்கொண்டே வந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை அந்த ஊரில் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

மொஹிதீன் ஜன்னலை முதுகால் மறைத்தார்.

"ஒண்ணுமில்ல. கணபதி தூங்குறான்."

"வாயைத் திறந்துக்கிட்டா?"

"சில பேர் அப்படித்தான் தூங்குவாங்க."

"ரத்தத்தோடயா நானா?"

மொஹிதீன் கையை நீட்டி வாயைப் பொத்துவதற்குள் ஹுமைத் கத்தினார். அந்தக் கத்தல் கடைவீதியின் அந்தக் கோடி வரைக்கும் போயிற்று.

பத்தே நிமிஷம்...

பாய், சட்டி, தையல் மெஷின், கூண்டோடு ஒரு சேவல்... எல்லாம் தெருவுக்கு வந்துவிட்டன. எட்டு அறைகளும் காலி. குடியிருந்தவர்கள் எதிர்ப்பக்கம் நின்று, தங்கள் அறைகளை வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சார்ஜன்ட் ஷுக்ரி வந்தார். ஜன்னலுக்கு ஆறடி தள்ளியே நின்று எட்டிப் பார்த்தார். ரத்தம் என்றால் அவருக்கு ஆகாது. அந்த விஷயம் அவர் மேலதிகாரிகளுக்குத் தெரியாது.

"செத்துட்டான்" என்றார், தெருவைப் பார்த்தபடி. "சாவு விசாரிக்கிற கொரோனர் ஐயா வர்ற வரைக்கும் ஒருத்தரும் உள்ள போகக் கூடாது. யாராவது தொட்டா உள்ள தள்ளிருவேன்."

"அவர் எப்ப வருவாரு?" மொஹிதீன் கேட்டார்.

"பண்டாரவளைக்குப் போயிருக்காரு. பதினொண்ணு ஆகும். இந்தக் கட்டடம் யாருது?"

தர்மலிங்கம் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தார். வருத்தமான முகம். அப்படி முகத்தை வைத்துக்கொள்ள அவருக்குச் சிரமமாக இருக்கவில்லை. முன்பணம் தன் மடிக்கு வரப்போகிறது என்று அவருக்கு அப்போதே கணக்குத் தெரிந்துவிட்டது.

"என்னோடதுதாங்க. பன்னெண்டு மணி வரைக்கும் பார்த்துட்டு..."

"விசாரணை முடியிற வரைக்கும் நீங்க ஊரை விட்டு நகரக் கூடாது."

வருத்தம் இப்போது நிஜமாகவே வந்தது.

"சார்ஜன் ஐயா... இன்னைக்குப் பன்னெண்டு மணி ரயில்ல நான் போகணும். திங்கக்கிழமை கப்பல். வர்ற வெள்ளி என் மகளுக்குக் கல்யாணம்."

"கொலை நடந்த கட்டடத்தோட சொந்தக்காரர் இல்லாம விசாரணை எப்படி நடத்துறது? ரெண்டு வாரம் ஆகும். ஒரு மாசமும் ஆகலாம்."

"நான் சொந்தக்காரனா இல்லாட்டி?"

"இல்லாட்டி உங்களை நான் ஏன் தேடப் போறேன்?"

சார்ஜன்ட் போய்விட்டார். சற்று நேரத்தில் தர்மலிங்கத்தையும் காணவில்லை. மொஹிதீன் அதைக் கவனிக்கவில்லை. அவர் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று தன் குடியிருப்பாளர்களிடம்... இன்னும் அவருடையவர்கள் ஆகாதவர்களிடம்... கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஒரு மணி நேரம். அவனவன் கதவுக்கிட்ட நில்லுங்க. பேங்க் ஆள் போனதும் எங்க வேணும்னாலும் போங்க."

"பிணத்துக்குப் பக்கத்து ரூம்ல நானா" என்றார் ஹுமைத். "எனக்கு இன்னைக்கு ஊசியில நூல் கோக்க முடியாது."

"நூல் கோக்க வேணாம். நின்னாப் போதும். இந்த மாச வாடகையில பாதி வேணாம்."

"முழுசும் வேணாம்னு சொல்லுங்க."

"ஹுமைத், நீயெல்லாம் மனுசனா?"

"உயிரோட இருக்கிற மனுசன் நானா. அதனாலதான் கேக்கிறேன்."

முழு வாடகையும் வேண்டாம் என்று முடிந்தது. சேவலுக்குச் சொந்தக்காரர் கூடுதலாக ஒரு வேட்டி கேட்டு வாங்கிக்கொண்டார்.

"நேத்து சொல்லிக் குடுத்தது ஞாபகம் இருக்கில்ல? வாடகை எவ்வளவு?"

"பத்து ரூவா" என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில்.

உண்மையான வாடகை ஐந்து. ஐந்தென்று சொன்னால் பேங்க் எட்டாயிரம் தராது என்று மொஹிதீனுக்குத் தெரியும். அதனால் நேற்று மாலை ஒவ்வொருவருக்கும் பாடம் நடத்தியிருந்தார். கணபதி மட்டும் ஸ்டேஷனில் மூட்டை தூக்கப் போயிருந்தான். அவனுக்கு இன்று காலை சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் ஏழு மணிக்கு அந்த ஜன்னலுக்குப் போனார்.

பத்து மணி.

பேங்க் ஆள் ராமாமிர்தம் குடையும் புத்தகமுமாக வந்தார். மடுல்சீமைத் தோட்டம் ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். பேங்க் துரை இவரைத் தேடிப் பிடித்து வேலைக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. புத்தகத்தில் பேர் இருந்து நேரில் ஆள் இல்லாத சங்கதிகளை மோப்பம் பிடிப்பதில் இவரை மிஞ்ச ஆளில்லை.

"எட்டு ரூம், எட்டுப் பேர்" என்றார். "கண்ணால பார்த்தாத்தான் எழுதுவேன். ஆளில்லாத பேருக்கு வாடகை வராது, பாருங்க."

"எல்லாரும் இருக்காங்க ஐயா" என்றார் மொஹிதீன். வியர்வை காதோரம் இறங்கியது. "ஆறாம் நம்பர்காரனுக்கு மட்டும் காய்ச்சல். படுத்திருக்கான்."

"ஆளுங்க ஏன் இப்படி நிக்கிறாங்க? முகமெல்லாம் வெளிறிப் போயிருக்கு."

"பனி ஐயா."

"பத்து மணிக்கா?"

ராமாமிர்தம் தெரு நடுவில் நின்றார். புத்தகத்தை விரித்தார். தொண்டையைச் செருமினார்.

தோட்டத்தில் விடியற்காலை ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பேர். பனி மூடிய மைதானத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் அப்படிக் கூப்பிட்ட தொண்டைக்குச் சின்னக் குரல் தெரியாது.

"ஒண்ணாம் நம்பர்! மொஹிதீன்!"

"இருக்கேன்" என்றார் மொஹிதீன், தன்னை அறியாமல் நிமிர்ந்து.

"வாடகை?"

"பத்து ரூவா ஐயா."

இரண்டு... மூன்று... நான்கு... எல்லோரும் இருந்தார்கள். எல்லோருக்கும் பத்து.

"அஞ்சாம் நம்பர்! ஹுமைத்!"

"இருக்கேன். பத்து." கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

மொஹிதீன் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்தது ஆறு.

"ஆறாம் நம்பர்! கணபதி!"

"இருக்கேனுங்க ஐயா!"

தெரு அப்படியே நின்றது.

குரல் உள்ளேயிருந்து வந்தது. குரலைத் தொடர்ந்து ஆளும் வந்தான். நெஞ்சு முழுக்கச் சிவப்போடு, கைகட்டி, வாசலில் விறைத்து நின்றான்.

"செத்தவன் எந்திரிச்சிட்டான்!" என்று அலறி ஹுமைத் வாசலோடு சரிந்து உட்கார்ந்தார். தெருவில் பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். மீதிப் பேர் ஓடாததற்குக் காரணம் வீரம் அல்ல, கால் வரவில்லை.

ராமாமிர்தம் மட்டும் அசையவில்லை. புத்தகத்தில் ஒரு கோடு போட்டார்.

"ஏன்டா இவ்வளவு தாமதம்?"

"மன்னிச்சிருங்க ஐயா. படுத்திருந்தேனுங்க."

விஷயம் இதுதான். கணபதி அதே மடுல்சீமைத் தோட்டத்தில் பதினெட்டு வருஷம் வேலை செய்தவன். அந்தப் பதினெட்டு வருஷமும் அவன் பேரைக் கூப்பிட்டது இதே தொண்டை. கூப்பிட்டதும் பதில் சொல்லாதவனுக்கு அன்றைக்குப் பேர் விழாது. பேர் விழாவிட்டால் கூலி இல்லை. காய்ச்சலில் பதில் சொல்லியிருக்கிறான், கல்யாணத்துக்கு மறுநாள் பதில் சொல்லியிருக்கிறான். செத்த பிறகும் சொல்லிவிட்டான்.

"வாடகை எவ்வளவுடா?" ராமாமிர்தம் கேட்டார்.

மொஹிதீன் பத்து விரலையும் விரித்துக் காட்டினார். கணபதி அந்தப் பக்கமே பார்க்கவில்லை. பெரட்டில் நிற்கிறவன் கணக்கப்பிள்ளையைத் தவிர யாரையும் பார்க்கமாட்டான்.

"அஞ்சு ரூவாங்க ஐயா."

ராமாமிர்தம் புத்தகத்திலிருந்து தலை நிமிர்ந்தார்.

"அஞ்சு பேரு பத்துங்கிறாங்க. செத்தவன் மட்டும் அஞ்சுங்கிறான்." குடையால் மொஹிதீனைக் காட்டினார். "செத்தவனுக்குப் பொய் சொல்லி என்னங்க ஆகப் போகுது?"

"ஐயா..."

"அஞ்சு ரூவா மேனிக்கு எட்டு ரூம்னா, வருசத்துக்கு நானூத்தி எண்பது. எட்டாயிரத்துக்கு வட்டி மட்டும் அறுநூத்தி நாப்பது. வாடகை முழுசும் கட்டினாக்கூட வட்டியே அடையாது. உங்களுக்குக் கடன் குடுத்தா, நீங்க மூழ்குறதுக்கு நாங்க கல்லு வாங்கிக் குடுத்த மாதிரி. மனு தள்ளுபடிங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் மொஹிதீனுக்கு இன்னும் வலித்தது.

அவர் கடைப் படியில் உட்கார்ந்தார். கண் கலங்கியது. கல்யாணத்தன்று ஸைனப் போட்டிருந்த தங்க அரும்பு மாலை நினைவுக்கு வந்தது. அவளிடம் கேட்டிருந்தால் கொடுத்தே இருப்பாள். கேட்கத் தைரியமில்லாமல் திருடினேனே என்று முதல் தடவையாக வெட்கப்பட்டார். இந்த மனிதருக்கு நல்ல மனசுதான். கொஞ்சம் லேட்டாக வேலை செய்யும்.

அப்போது சார்ஜன்ட் ஷுக்ரி திரும்பி வந்தார். வாசலில் நின்ற கணபதியைப் பார்த்தார்.

"நீ யாரு?"

"பிணமுங்க ஐயா."

"நீ செத்துட்டேன்னு நான் எழுதிக் கையெழுத்து வச்சு அனுப்பிட்டேனே. கொரோனர் ஐயாவுக்குத் தந்தி போயிருச்சு."

"தெரியாம எந்திரிச்சிட்டேனுங்க."

"பதினொண்ணு வரைக்கும் படுத்திருக்க முடியாதா உனக்கு?" சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தபால் கந்தோருக்கு ஓடினார், இரண்டாவது தந்தி கொடுக்க.

மொஹிதீன் எழுந்தார். கணபதியின் சட்டையைப் பிடித்தார். கையெல்லாம் சிவப்பு ஒட்டியது. முகர்ந்து பார்த்தார்.

சாயம். அவர் கடையில் விற்கிற துணிச் சாயம்.

"யாருடா உன்னைப் படுக்கச் சொன்னது?"

"சத்தியம் பண்ணிட்டேனுங்க. சொல்ல மாட்டேன்."

"தர்மலிங்கம் முதலாளிதானே? கடன் கிடைக்காம போனா முன்பணம் அவருக்கு. வரிசையும் அவருக்கு. வேற யாருக்குடா லாபம்?"

கணபதி வானத்தைப் பார்த்தான்.

"வா என்னோட. அவர் முகத்துக்கு நேரே கேக்கிறேன்."

"வர்றேனுங்க. பன்னெண்டு மணி ரயிலுக்கு எனக்கும் மூட்டை தூக்கிற வேலை இருக்கு."

ஸ்டேஷன்.

ரயில் புகைவிட்டுக்கொண்டிருந்தது. இரண்டாம் வகுப்புப் பெட்டியில் தர்மலிங்கம் உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஜன்னலோரம் மொஹிதீனின் தலை தெரிந்தது.

"முதலாளி! நல்லா நடிச்சீங்க. பிணத்தக் காட்டி என் கடனைக் கெடுத்தீங்க. முன்பணத்தத் திருப்பித் தாங்க."

"என்ன நானா உளறுறீங்க? பிணத்த நான் எங்க..."

அவர் முடிக்கவில்லை.

மொஹிதீனின் தோளுக்குப் பின்னாலிருந்து இன்னொரு தலை எழுந்தது. சிவந்த சட்டை. கலைந்த முடி.

"முதலாளி, பெட்டி ஏத்தணுங்களா?"

தர்மலிங்கத்தின் வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது. பிறகு சொல் வந்தது.

"நான் இல்லப்பா... நான் இப்ப சொந்தக்காரன் இல்ல. வித்துட்டேன். பாதி விலைக்கு, அஞ்சாயிரத்துக்கு வித்துட்டேன். எதுவா இருந்தாலும் அங்க போய்க் கேளு. என் பின்னால வராத. என் மகளுக்குக் கல்யாணம்."

"வித்துட்டீங்களா?" மொஹிதீன் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பன்னெண்டு இன்னும் அடிக்கல. யாருக்கு வித்தீங்க?"

ஜன்னலின் பலகைக் கதவு படாரென்று இறங்கியது. உள்ளேயிருந்து 'முருகா முருகா' என்று மட்டும் கேட்டது. விசில் ஊதியது. ரயில் நகர்ந்தது. பலகைக் கதவு இரண்டங்குலம் திறந்தது. ஒரு முழு ரூபாய் நாணயம் வெளியே வந்து விழுந்தது. மறுபடி மூடிக்கொண்டது.

கணபதி ரூபாயைப் பொறுக்கிக்கொண்டான்.

"நல்ல மனுசனுங்க. பெட்டிய தூக்காமலே கூலி குடுத்துட்டாரு."

தர்மலிங்கம் நடிக்கவில்லை என்பது மொஹிதீனுக்கே தெரிந்துவிட்டது. அந்தப் பயம் நடித்து வருகிற பயமல்ல.

கடைசிப் பெட்டியும் வளைவில் மறைந்தது.

"இப்ப சொல்லலாமுங்க" என்றான் கணபதி.

"என்ன?"

"ரயில் போற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னுதான் சத்தியம். போயிருச்சு. என்னைப் படுக்கச் சொன்னது உங்க வீட்டம்மாங்க."

வீடு.

ஸைனப் கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் தம்பி நஸீர். முன்னால் ஒரு புது உறுதிப் பத்திரம். மை இன்னும் பளபளவென்றிருந்தது.

மொஹிதீன் வாசலிலேயே நின்றார்.

"ஸைனப்... எட்டு ரூமையும் நீயா வாங்கின?"

"ஆமா. தெருக் கூட்டத்துல உங்களைக் காணோம்னு தர்மலிங்கம் முதலாளி எட்டரைக்கு இங்க தேடி ஓடி வந்தாரு. நீங்க இல்ல. திரைக்கு இந்தப் பக்கம் நின்னு நான் பேசினேன். பத்தாயிரம்னாரு. கொலை விழுந்த இடம்னேன். எட்டுன்னாரு. சார்ஜன்ட் வருவாருன்னேன். அஞ்சுக்கு வந்துட்டாரு. நஸீர் பத்திரம் எழுதுற நொத்தாரிசைக் கூட்டிட்டு வந்தான். ஒம்பதரைக்கு எழுதி முடிச்சாச்சு."

"காசு?"

"நீங்க குடுத்த முன்பணம் ரெண்டாயிரத்தக் கழிச்சுக்கிட்டாரு. மிச்சம் மூணாயிரம் பேங்க் குடுத்துச்சு."

"எந்த பேங்க்?"

"ஊர்ல எத்தனை பேங்க் இருக்கு?"

மொஹிதீன் மெல்ல உட்கார்ந்தார்.

"போன வாரம் துரையப் போய்ப் பார்த்தோம்" என்றாள் ஸைனப். "வாப்பா எனக்கு எழுதிக் குடுத்த இந்த வீட்டு உறுதிய ஈடா வச்சேன். உண்மையான வாடகைய எழுதிக் குடுத்தேன். துரை கணக்குப் போட்டுப் பார்த்துட்டு, பத்தாயிரத்துக்கு இந்த வாடகை தாங்காதும்மா, அஞ்சாயிரம்னா நல்லாத் தாங்கும், நீங்க விலையக் குறைச்சிட்டு வாங்கன்னாரு." வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டாள். "குறைச்சேன்."

"விலையக் குறைக்க ஒரு ஆளையே கொல்லுவியா?"

"ஏன், நல்லாத்தானே இருக்கான்? மூணு ரூவா குடுத்தேன். ரெண்டு மாச வாடகையும் வேணாம்னுட்டேன். கடைச் சாயத்துல ஒரு பொட்டலம் குறையும், கணக்குல எழுதிக்கங்க."

மொஹிதீனுக்கு ஒன்று மட்டும் இன்னும் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிவிட்டார்.

"ஸைனப்... அந்த முன்பணம்... அது உன் நகை. உன்கிட்டக் கேக்காம எடுத்துட்டேன். பயத்துல சொல்லல. என்னை மன்னிச்சிரு."

அவள் முகம் ஒரு நிமிஷம் இளகியது. நஸீர் எழுந்து முற்றத்துக்குப் போனான்.

"அன்னைக்கே தெரியும்" என்றாள். "அடகுக் கடைக்காரர் பொஞ்சாதி என் மாலையப் போட்டுக்கிட்டு ஒரு கல்யாண வீட்டுக்கு வந்திருந்தா. எனக்கு முன்னால உக்காந்துதான் பிரியாணி தின்னா. நான் ஒரு வாய்கூடத் தின்னல. வீட்டுக்கு வந்து அழுதேன். அழுது முடிச்சதும் பேங்குக்குப் போனேன்."

மொஹிதீன் தலை குனிந்தார். பிறகு மெல்லச் சிரிக்கப் பார்த்தார். எப்படியோ, வரிசை வீட்டுக்கு வந்துவிட்டதே.

"சரி... எப்படியோ நம்ம சொத்தாயிருச்சு. இனி என் கடைக்கு வாடகை இல்ல. இல்லையா?"

"முதல் தேதி அஞ்சு ரூவா. தவறக் கூடாது."

"புருஷன்கிட்டயா?"

"அது மட்டும் இல்ல. எட்டுப் பேர்ல ஒருத்தர்கிட்ட மட்டும் ஆறு மாச வாடகைய முன்கூட்டியே வாங்கிக்கச் சொல்லியிருக்காரு துரை." ஸைனப் உறுதியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "பேர் சொல்லல. பொஞ்சாதி அலுமாரியத் திறக்கிற ஆளுன்னாரு."